பதிதர் காலேஜும் சாமியார் காலேஜும்

நான் பள்ளிக்கூடப் படிப்பு முடித்துப் பரீட்சையில் தேறிய அதே மாதத்தில்தான் உங்கள் அத்தைக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. இரண்டும் சேர்ந்து வந்ததுதான் எனக்கு வினையாகப் போயிற்று.

அப்போது எங்கள் ராயபுரத்துப் பையன்களுக்குக் காலேஜ் என்றால் இரண்டுதான். ஒன்று நம் கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்தியது, பட்டணத்தின் மறுகோடியில் இருந்தது. மற்றது புரொட்டஸ்டண்டு மிஷன்காரர்களுடையது, வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அவர்களை எங்கள் ஆட்கள் பதிதர் என்பார்கள். வேதத்தை விட்டு விலகினவர்கள் என்று அர்த்தம். இரண்டு காலேஜும் பந்தாட்டத்தில் மோதினால், மறுநாள், அங்கேயும் இங்கேயுமாகப் படித்துவிட்டு வந்த எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள்கூட ஒருவருக்கொருவர் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள்.

எனக்கு மிஷன் காலேஜில் இடம் கிடைத்தது. ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்த என் நைனாவுக்கும் அது திருப்திதான். ஹாஸ்டல் வேண்டாம், வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போகலாம்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று, பூசை முடிந்து வெளியே வந்ததும், மாப்பிள்ளையின் தகப்பனார் நைனாவை வாசலிலேயே நிறுத்தினார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்.

"இன்னா சம்மந்தி, உன் புள்ள பதிதருங்க காலேஜ்ல சேந்துகீறானாமே?"

"கிட்டக்க கீதுன்னு சேத்தேன்."

"நரகங்கூட கிட்டக்கதான் கீது. அங்கயும் சேத்துடுவியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னும் ரெண்டு ஓலை பாக்கி கீது. பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அவர் ஜட்காவில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "அங்க படிக்கலாமான்னு நம்ப கோயில் சாமியாராண்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாம் நைனா" என்றேன்.

"அவரு வேணாம்ட்டார்னா? ஊருக்கே தெரிஞ்சிடும். இவ வாழ்க்க பேஜாராயிடும்டா. நம்ப சாமியாருங்க காலேஜ்லயே சேந்துடு."

உங்கள் அத்தை அங்கேயே தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவது?

மறுநாள் மிஷன் காலேஜில் வேண்டாமென்று சொல்லிவிட்டு, பாதி டிராமிலும் பாதி நடையுமாகச் சாமியார் காலேஜுக்குப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்காரச் சாமியார் உட்காரச் சொல்லி அன்பாகவே பேசினார். இடமெல்லாம் நிரம்பிவிட்டது, அடுத்த வருஷம் வா என்றார். வீட்டில் சொல்லாமல், விடிந்ததும் மிஷன் காலேஜுக்கு ஓடினேன். என் இடத்தில் வேறொருவனைச் சேர்த்துவிட்டார்கள்.

மற்ற இரண்டு ஓலையும் தடையில்லாமல் வாசிக்கப்பட்டன. கல்யாணம் நன்றாகவே நடந்தது. நான் ஹார்பர் கிடங்கில் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலைக்குப் போனேன். அடுத்த வருஷம் வந்தபோது நைனா இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். படிப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்துத் திருநாளுக்கு வந்திருந்த உங்கள் அத்தை, சாப்பாடு போடும்போது மெதுவாகச் சொன்னாள். அவள் கொழுந்தன் மிஷன் காலேஜில் சேர்ந்திருக்கிறானாம்.

"உன் மாமனாரு ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"அவருதான் போயி சாமியாராண்ட கேட்டாரு. படிக்கட்டும், ஞாயித்துக்கெழம பூசய மட்டும் உட்டுடக்கூடாதுன்னாராம் சாமியாரு."

பாயில் கிடந்த நைனா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அத்தை என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள்.

"எனக்கொண்ணும் கோவமில்ல" என்றேன்.

"நீ கோவப்பட்டாக்கூட எனக்கு நல்லாருக்கும்ணா" என்றாள்.