நான்கு நாற்காலிகள், ஐந்தாவது ஆள்

காப்பிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுவிட்டால், அவை ஊறும்வரை ரூனே வாய் திறப்பதில்லை. திறந்தாலும் வடகோடியிலிருக்கும் லூலியோ ஊரின் குளிரில் சொல் உறைந்து மீசையில் தொங்கும். ஜனவரியில் அவர் சொன்னது ஏப்ரலில் உருகித்தான் கூட வாழும் ஐனாவின் காதில் விழும்.

பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். உறைந்த கடலில் துளையிட்டு மீன் பிடிக்கிறார். பிடித்த மீனின் நீளத்தைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாது. "குழந்தைக்கு நீங்க யாரு?" என்று கேட்டால் காதைச் சொறிவார். "யாருமில்லீங்க. ஐனா கூட இருக்கேன்."

ஐனா, நான்கு வயது தூவாவுக்கு ஃபார்மூர், அப்பாவைப் பெற்றவள். அம்மாவைப் பெற்றவள் மூர்மூர். எந்தப் பக்கத்து உறவு என்பதை அழைக்கும் சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். அப்பாவின் அப்பாவான ஃபார்ஃபார், ஐனாவின் முதல் கணவர் ஸ்டூரே. அவர் கல்லுக்குண்டாக இருக்கும்போது அந்தச் சொல்லைத் தொடுவது திருட்டு என்பது ரூனேவின் கட்சி. ஆகவே தூவாவுக்கு அவர் வெறும் ரூனே. தபால்காரரையும் அவள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள்.

போன வாரம் மழலையர் பள்ளியில் தாத்தா பாட்டிகளுக்குக் காப்பி விருந்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் உறவுச் சொல் எழுதி ஒட்டியிருந்தது. தூவா தன்னை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள ரூனேவுக்கு உள்ளூர ஆசை. வெளியே சொன்னதோ, "ஃபிளாஸ்க் தூக்கத்தான் வரேன்."

சுவரோரம் நின்றவரைப் பார்த்து ஸ்டூரே கண்ணடித்தார். "ஏம்ப்பா ரூனே, என் பொண்டாட்டியை எடுத்துக்கிட்ட. இந்த நாற்காலியையும் எடுத்துக்கோயேன், முதுகு வலிக்குது."

"வேணாம்ப்பா. அது உன்னுது."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு பன்னைத் தின்னுங்க," என்றாள் ஐனா.

அப்போது முற்றத்துப் பனியில் புரண்டுவிட்டுப் பிள்ளைகள் உள்ளே ஓடிவந்தார்கள். நாற்காலிகளிலிருந்து எட்டுக் கைகள் தூவாவை நோக்கி நீண்டன. ஸ்டூரே மடியைத் தட்டியே காட்டினார். அவள் நால்வரையும் கடந்து சுவரோரம் போனாள். சொட்டச் சொட்ட நனைந்த கையுறைகளைக் கழற்றி ரூனேவின் கையில் திணித்தாள்.

"காய வை," என்று சொல்லிவிட்டு பன்னைத் தேடி ஓடினாள்.

ரூனே சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். பனி ஒட்டிய கையுறைகளை வெறும் வயிற்றோடு வைத்து, பல் கிடுகிடுக்க, பொத்தான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.