மாதாவின் கன்னத்தில் வைத்த கத்தி

என் கணவர் பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் பெட்டிகளுக்கு எண்ணும் எழுத்தும் எழுதுகிறவர். ஒரு முறை கிள்ளான் மாதா கோயிலில் சிலைகளுக்கு வர்ணம் பூசப் போனபோது, அங்கிருந்த பிரெஞ்சுச் சாமியார் பூசைப் பீடத்துக்குப் பின்னால் நிறுத்தும் பழைய ஐரோப்பியப் படம் ஒன்றின் அச்சுத்தாளைக் காட்டினார். மூன்று பலகை. உச்சி கூராக வளைந்த சட்டம். வானம் இருக்கவேண்டிய இடமெல்லாம் தங்கம். "இப்படி உன்னால் செய்ய முடியுமா?" என்று கேட்டார். "முடியும் சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார் இவர். அப்படி ஒன்றை அதற்கு முன் நேரில் பார்த்ததே இல்லை.

ஐந்து மாதம், ரயில்வே கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றான எங்கள் வீட்டின் முன்னறையில் நடக்க வழியில்லை. சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்துப் பலகையில் பூசுவார், தேய்ப்பார், மறுபடி பூசுவார். நான் முட்டையின் மஞ்சள் கருவைப் பிரித்துக் கொடுப்பேன். வர்ணப்பொடியை அதில் கலந்து இழை இழையாகத் தீட்டுவார். தங்கத்தாள், பெயர்ப்பலகை செய்யும் சீனர் கடையில் வாங்கியது. மூச்சுப் பட்டாலே சுருண்டுகொள்ளும். ஒட்டும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு நானும் மூச்சடக்கி நிற்பேன்.

நடுப்பலகையில், இறந்த மகனை மடியில் கிடத்திய மாதா. முகத்தை மட்டும் கடைசிக்கு விட்டிருந்தார். கோயில் திருநாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது, சோறு கொண்டு போனவள் அதைப் பார்த்துவிட்டேன். என் முகம். முந்தைய வருஷம் எங்கள் மகன் காய்ச்சலில் போன அன்று எனக்கு இருந்த முகம்.

"யாரக் கேட்டு வரஞ்சீங்க?"

"வேற மொகம் வரல."

"மாத்திடுங்க. நாலு பேரு பாக்கவா நான் அழுதேன்?"

அவர் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். முகத்தை மாற்றவில்லை.

மறுநாள் காலை படத்தைப் பார்க்கச் சாமியாரும், கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். உபதேசியார் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைன் வீட்டுப் பொம்பள மொகத்தப் பாத்து யாரு முட்டி போடுவா? சொரண்டிட்டு வேற எழுதுய்யா."

சாமியார் தடுக்கவில்லை. இவர் எதிர்த்துப் பேசிப் பழகாதவர். கத்தியை எடுத்தார். கொஞ்சம் வழுக்கினாலும் சுற்றியுள்ள தங்கம் கிழியும், மறுபடி வாங்கக் காசில்லை. கண்ணுக்குக் கீழே கத்தி பட்டு ஒரு பொட்டு வர்ணம் உதிர்ந்தது.

என் கன்னம் எரிந்தது போலிருந்தது. போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அது என் மொகந்தான் சாமி. எம் புள்ள செத்த அன்னிக்கு இருந்த மொகம். சொரண்ட வேணாம்."

உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சாமியார் கையமர்த்தினார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் கிடந்த மகனிலிருந்து மாதாவின் முகம் வரை பார்த்தார். நான் இவர் கையை விடவில்லை.

"கத்தியைக் கீழே வை. இப்படியே இருக்கட்டும்" என்றார் கடைசியில்.

இவர் உதிர்ந்த இடத்தை அன்றே சரிசெய்தார். சனிக்கிழமை லோரியில் ஏற்றினார்கள். திருநாளன்று ஜனங்கள் வழக்கம்போல முட்டிபோட்டார்கள். எங்கள் லைன் வீடுகளிலிருந்து வந்திருந்த பெண்கள் சிலர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உபதேசியார் அதன்பின் நான் தோத்திரம் சொல்லி வணங்கினாலும் பதில் சொன்னதில்லை.

நான் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்து ஜெபித்ததில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகும்போதும் தரையைப் பார்த்தே போவேன். இவர் மட்டும் கிள்ளானுக்குப் போகும் ஞாயிறுகளில் பூசை முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.