ஏறாத கோன்

போன வாரம் புதுக் கைப்பேசியில் சிம் கார்டு போட உட்கார்ந்தேன். கண்ணாடியைத் தேடச் சோம்பல். தலைகீழாகத் திணித்தேன், உட்காரவில்லை. திருப்பினேன், உட்கார்ந்தது. அதன் ஒரு மூலையை வெட்டி வைத்த புண்ணியவான் என்னைப் போன்ற ஆளை மனதில் வைத்துத்தான் வெட்டியிருப்பான் என்று சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்போடு எங்கிருந்தோ பஞ்சு வாசனையும் வந்தது.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில், தரப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று இரண்டு ரக நூல் ஓடும். நாற்பது கொஞ்சம் தடிமன். கோன் என்கிற கூம்பு அட்டையில் சுற்றிவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளைதான். அதனால் கோன் நுனியில் நாற்பதுக்குச் சிவப்பு, அறுபதுக்குப் பச்சை. வெறும் அட்டைக் கோனை மெஷினில் மாட்டுவது பாண்டியண்ணன். நூல் சுற்றி வந்ததும் நுனியைப் பார்த்துப் பெட்டியில் அடுக்குவது மரியம்மா. ரகம் கலந்துபோனால் நெய்த துணியில் கோடு விழும்.

விழுந்தது. நெசவுக்காரர் ஒரு லோடு நூலை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். விசாரித்து அறிக்கை எழுதியவன் நான். கடைசியாகக் கை வைத்தவர் மரியம்மா, ஆகவே தவறு அவருடையது என்று இரண்டே பக்கத்தில் முடித்தேன். அதோடு நின்றேனா? ‘கவனம்! கவனம்!’ என்று சிவப்பிலும் பச்சையிலும் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டினேன். என் எழுத்தழகில் எனக்கே ஒரு மயக்கம்.

மறுநாள் மரியம்மாவை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகப் பேச்சு. நேரே என்னிடம் வந்தார்.

“நெறம் பாத்துத்தான் சார் அடுக்குனேன். நெறமே தப்பா வந்தா நான் என்ன செய்ய?”

பின்னாலேயே பாண்டியண்ணன் வந்து, தோள் துண்டைப் பிசைந்தபடி கதவோரம் நின்றார்.

“அந்தப் புள்ளய ஒண்ணும் சொல்லாதீங்க சார். எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணு போலத்தான் தெரியும். பொறந்ததுல இருந்தே.”

“அப்ப இம்புட்டு நாளா எப்புடிண்ணே?” என்றார் மரியம்மா.

“வெறுங்கோன் வைக்கிற இடது பெட்டி செவப்பு, வலது பெட்டி பச்சை. அன்னைக்குப் பெருக்கையில யாரோ மாத்தி வச்சுட்டாங்க. வெளிய சொன்னா வேலை போயிருமேன்னு பயந்துட்டேன்.”

மரியம்மா சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். “அதான் அன்னைக்குக் காய்த் தக்காளியா வாங்கிட்டுப் போயி வீட்டுல அக்காகிட்டத் திட்டு வாங்குனீங்களா!” பாண்டியண்ணனும் சிரித்துவிட்டார். என் சுவரொட்டிகளை என்னால்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. கத்தரிக்காய் வெஞ்சனத்தின் மணம். மரியம்மா தன் தூக்குவாளி மூடியை எடுத்து, பாண்டியண்ணனின் வாளி மேல் வைத்து அழுத்தினார்.

“ஏறுதா பாருங்க சார். கண்ண மூடிக்கிட்டு வச்சாலும் ஏறாது. கோனையும் இப்புடிச் செஞ்சா என்ன?”

மேனேஜர் முன்னால் என் அறிக்கையை நானே கிழித்துவிட்டு, மரியம்மாவின் யோசனையைச் சொன்னேன். அவர், “மெஷின் வேலை பாக்குற பிட்டரக் கூப்பிடுங்க” என்றார். அறுபது ஓடும் மெஷினில் கோன் பிடிகளைச் சின்னதாக்கி, அதற்கேற்றாற்போல் சிறிய வாய்க் கோன்களையும் வரவழைத்தார்கள். நாற்பது மெஷினில் சின்னக் கோன் ஏறாது. அறுபது மெஷினில் பெரிய கோன் தொளதொளவென்று ஆடிக் கழன்று விழும். முதல் நாள் பாண்டியண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மாட்டிப் பார்த்தார். தப்பானது ஒன்றுகூட நிற்கவில்லை. எல்லோரும் கை தட்டினோம். மரியம்மாவின் வேலையும் தப்பியது, பாண்டியண்ணனின் வேலையும் தப்பியது.

அதிலிருந்து ஒவ்வொரு ஷிப்டு தொடக்கத்திலும் பாண்டியண்ணன் வேண்டுமென்றே ஒரு தப்புக் கோனை மாட்டிப் பார்ப்பார். அந்தக் கோடியிலிருந்து மரியம்மா கத்துவார்: “ஏறுதாண்ணே?” மெஷின் இரைச்சலைத் தாண்டி பாண்டியண்ணன் குரல் போகும்: “ஏறல தாயி!” கூடமே சிரிக்கும்.

இப்போது அங்கே இயந்திரக் கைதான் கோன் மாட்டுகிறது. கேமரா நிறம் பார்க்கிறது. துணியில் கோடு விழுவதில்லை, சந்தோஷம்தான். சமீபத்தில் போயிருந்தபோது ஷிப்டு மாறும் நேரம். மணி அடித்தது. மெஷின்கள் ஓடத் தொடங்கின. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.