வெர்னா கொண்டுவந்த திருத்தம்

அமெரிக்காவில் வெர்மான்ட் மலைப்பக்கம் பள்ளி பஸ் ஓட்டுகிறவள் வெர்னா. மழை பெய்தால் பூட்ஸைக் கழற்றாமலே படுப்பாள். வீட்டுக்கு நேர் மேலே மண் அணை. அதன் தண்ணீரை ஊரே குடிக்கிறது; வெர்னாவுக்கு மட்டும் சொந்தக் கிணறு. அணையில் அவளுக்குள்ள ஒரே பங்கு, உடைந்தால் முதல் ஆளாக வெள்ளத்தோடு போவதுதான்.

உபரிநீர் வழியும் வாய்க்காலில் விரிசல் என்று மாநில எஞ்சினியர் சொல்லிவிட்டுப் போனார். மார்ச்சில் வழக்கம்போல ஊர்க்கூட்டம் கூடியது. பழுது பார்த்தால் தண்ணீர்க் கட்டணம் ஏறும் என்றதும் எல்லோருக்கும் அணைமேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது. பழுதைத் தள்ளிவைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

"எங்கப்பா காலத்துலேருந்து நிக்குது. உன்னைவிட கெட்டி, வெர்னா," என்றான் ஊர்த்தலைவன் ராய்ஸ். பள்ளியில் அவளோடு படித்தவன். மண்டபமே சிரித்தது.

வெர்னா எழுந்து நின்றாள்.

"தீர்மானத்துல ஒரு திருத்தம். பழுது வேணாம்னா விடுங்க. ஆனா அடைமழை பெய்யுற அன்னிக்கெல்லாம் தலைவர் என் வீட்டுல தங்கணும். சாப்பாடு நான் போடுறேன்."

ராய்ஸை மாட்டிவிடுவதென்றால் ஊருக்குக் கசக்குமா? அத்தனை கைகளும் உயர்ந்தன. திருத்தம் நிறைவேறியது, பழுது தள்ளிப்போனது.

ஜூலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சாயங்காலம் ராய்ஸ் தலையணையோடு வந்து இறங்கினான். சொன்ன சொல் தவறாதவன், அதைச் சொல்லத்தான் வேண்டும். வெர்னா பீன்ஸும் பன்றி இறைச்சியும் பரிமாறினாள். அவன் தட்டைத் தொடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெர்னா வெளியே நின்ற அவன் வண்டியை எட்டிப் பார்த்தாள். சர்ச்சுக்குக்கூட நாயில்லாமல் போகாதவன். முன் சீட் காலியாக இருந்தது.

"டாலி எங்கே?"

"வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

"ஏன்? என் வீட்டுல ஒரு நாய்க்கு இடமில்லியா?"

ராய்ஸின் காது சிவந்தது.

"நாய்க்கு இருக்கிற உசுரு எனக்கு இல்லியா, ராய்ஸ்?"

அவன் எழுந்து போய் போனை எடுத்தான். ஊர் எழுத்தரைக் கூப்பிட்டான்.

"அவசரக் கூட்டம் போடணும். ஆமா, அணை விஷயம்தான். பழுது பாக்கத்தான். இல்லப்பா, நான் குடிக்கல."

போனை வைத்துவிட்டுத் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"கிளம்பு. மீதியை மேட்டுல இருக்கிற என் வீட்டுல சாப்பிடலாம்."

"தீர்மானத்துல உன் வீடுன்னு இல்லியே?"

"வெர்னா, வண்டியில ஏறு!"

அவள் பீன்ஸ் பானையை மடியில் வைத்துக்கொண்டு நாயின் சீட்டில் உட்கார்ந்தாள்.