வட்டைக்கு ஒன்றரை அங்குலம்

அளவுநாடாவின் பித்தளை முனையைப் பக்கத்தின் உச்சியில் வைத்து, அழகரத்தினம் என்ற பெயர் தொடங்கும் வரியிலிருந்து அவர் வாய் மூடும் வரி வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறாள் சின்னத்தங்கம். பிறகு தையல் சோக்கால் ஓரத்தில் ஒரு கீறு.

"மூண்டேகால் இஞ்சி. போன மாசத்தைவிட ஒரு இஞ்சி கூட. ஆள் கொஞ்சம் தேறி வாறார்."

அளக்கப்படுவது துணியல்ல. பாராளுமன்றத்தில் யார் என்ன பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்பதை ஒரு சொல் விடாமல் அச்சிட்டு அனுப்பும் ஹன்சாட் புத்தகம். வவுணதீவில் அதைத் தபாலில் எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஒரே ஆள் இந்தத் தையல்காரிதான். எம்.பி. அழகரத்தினமே அதைப் படிப்பதில்லை என்று அவள் சத்தியம் பண்ணுவாள். அது எவ்வளவு உண்மை என்பது இந்த மாசியில் எல்லோருக்கும் தெரிந்து போனது.

வயது முப்பத்தெட்டு. ஊசியை உதட்டில் கவ்வியபடியே பேசுவாள், ஒரு சொல்லும் சிதறாது. சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் தோள் அளவு கொடுத்துக்கொண்டே நாட்டு நடப்பும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவசரக்காரர்கள் வேறு தையல்காரியைப் பார்ப்பது நல்லது.

இந்த வழக்கம் தேர்தலோடு வந்தது. அழகரத்தினம் ஆசனம் கேட்டபோது அரிசி ஆலைக்காரர் லொறி கொடுத்தார். ஓட்டமாவடிக் கடைக்காரர் ஒருவர் பெற்றோல் அடித்தார். சின்னத்தங்கம் கொடி தைத்துக் கொடுத்தாள், முந்நூற்றுப் பன்னிரண்டு கொடி, நூலும் அவளுடையது. வென்று வந்தவர் மாலையும் கழுத்துமாக, "புள்ள, ஒனக்கு என்ன செய்யோணும்?" என்று கேட்டார். கூட்டத்தில் எல்லோரும் வேலை கேட்டார்கள், வீடு கேட்டார்கள். இவள் கேட்டது ஹன்சாட். எம்.பி. சிரித்தார், தலையாட்டினார், அன்றோடு மறந்தும் போனார். அவருடைய செயலாளர் மறக்கவில்லை. மாதாமாதம் கட்டாக வந்து சேர்கிறது.

அன்றுமுதல் அழகரத்தினத்தின் அரசியல் வாழ்வு முழுவதும் அவள் மெஷின் மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. அவர் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலங்கள் இரண்டு. ஒன்று கோயில் பரிபாலன சபையைச் சட்டப்படி கூட்டிணைக்க, மற்றது ஒரு மாதர் சங்கத்தைக் கூட்டிணைக்க. "சங்கத்துக்குச் சட்டம் வந்திட்டு, சரி. மறுகா அவளுகள் குந்துறதுக்குக் கதிரை எப்ப வரும்?" என்று அவரிடமே கேட்டிருக்கிறாள். அரிசி ஆலைக்கு மின்சாரம் இழுக்கச் சொல்லி அவர் பேசியது நாலு அங்குலம். பெற்றோல் கொடுத்தவரின் கடைத்தெருவுக்குத் தார் போடச் சொல்லி இரண்டரை. யார் என்ன கொடுத்தார், யாருக்கு எத்தனை அங்குலம் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வாள். கோபமாகச் சொல்வதில்லை. ஊசிக்கு நூல் கோத்தபடி சொல்வாள், அதுதான் எம்.பி.க்குக் கூடுதலாகச் சுடும்.

அவள் புருசன் சீனித்தம்பி விவசாயி. "எம்.பி.யை அளந்து என்ன தைக்கப் போறாய்?" என்று கேலி பண்ணுகிறவன். அவனுடைய கேலியும் தை மாதத்தோடு நின்றுபோனது. விதைக்கிற நேரம் திறந்திருந்த பாதையைத் தை பிறக்க இராணுவம் மூடிவிட்டது. வயல்வெளியை வட்டை என்பது ஊர் வழக்கு. மருதங்கட்டு வட்டையில் எண்பது குடும்பத்தின் வயல் ஒரே விரிப்பாக விளைந்து கிடக்க, காவலரணுக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்க்கத்தான் விட்டார்கள். அதில் சின்னத்தங்கத்தின் சீதனக் காணி இரண்டு ஏக்கர்.

போய் எம்.பி.யிடம் சொன்னார்கள். அவர் கேள்வியை எழுத்தில் சபைக்குக் கொடுத்தார். மாசி நடுவில் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரி வழியாகப் பதில் வந்தது, ஒரே வரி: கோரிய அனுமதி வழங்கப்பட மாட்டாது. அன்றைக்கு வவுணதீவில் பல வீடுகளில் உலை வைக்கவில்லை. சீனித்தம்பி அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுப் படுத்துவிட்டான். கதிர் முற்றித் தலை சாய்ந்தாயிற்று. இன்னும் ஒரு கிழமை போனால் நெல் நிலத்தில் கொட்டும், பறவைக்கும் பன்றிக்கும் கொண்டாட்டம்.

இரண்டு நாள் கழித்து ஹன்சாட் வந்தது. மனசு வெறுத்துப் போயிருந்தாலும் கை பழக்கத்தில் நாடாவை எடுத்தது. அழகரத்தினத்தின் கேள்வி, ஒன்றரை அங்குலம். எண்பது குடும்பத்துக்கு ஒன்றரை அங்குலமா என்று பொருமிக்கொண்டே வாசித்தாள்.

'மருதங்கட்டு வேட்டைக்குச் சென்றுவர எண்பது குடும்பங்களுக்குப் பத்து நாள் அனுமதி வழங்கப்படுமா?'

அதன் கீழே பதில். தற்போதைய நிலையில் எவரும் துப்பாக்கியோடு காட்டுக்குள் செல்ல அனுமதிக்க முடியாது. தவிரவும், வனவிலங்குகள் பாதுகாக்கப்பட வேண்டியவை.

சின்னத்தங்கம் வாயிலிருந்த ஊசியைத் துப்பினாள். முதலில் சிரிப்புத்தான் வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள், சீனித்தம்பி பயந்து எழும்பி வந்தான். பிறகு கண் கலங்கியது. இல்லையென்று சொன்னது வயலுக்கல்ல, மான் மரைக்கு! வயலைப் பற்றி இன்னும் ஒருவரும் கேட்கவேயில்லை. கேட்டால் கிடைக்கலாம். மூன்று நாளாக நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்த கல் அந்த நிமிடம் பாதி இறங்கியது.

சைக்கிளை எடுத்தாள். வலையிறவுப் பாலத்தடியில் சோதனைக்கு நின்ற சிப்பாய் பையைத் திறந்து ஹன்சாட்டைப் புரட்டினான். மேலட்டையில் அரசாங்க இலச்சினையைக் கண்டதும் விறைத்து நின்று திருப்பிக் கொடுத்தான். எம்.பி.யின் பேச்சுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான் என்று பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"என்ன புள்ள, பதில் வந்திட்டுத்தானே. நான் என்ன செய்ய?" என்றார் அழகரத்தினம், தலை நிமிராமல்.

"ஐயா, நீங்க எப்பயிருந்து வேட்டைக்குப் போறீங்க?"

புத்தகத்தை விரித்து அவர் முன்னால் வைத்தாள். அவர் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் வாசித்தார். செயலாளரைக் கூப்பிட்டார். கொழும்பில் பிறந்து வளர்ந்த நல்ல பிள்ளை அவர், தமிழில் எழுத்துப் பிழை கண்டால் பொறுக்கமாட்டார்.

"நான்தான் சேர் திருத்தினேன். வட்டை என்று ஒரு சொல் இல்லையே. நீங்கள் அவசரத்தில் கொம்பை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன்."

"தம்பி, வட்டை இல்லாட்டி நீங்க இண்டைக்கு மத்தியானம் திண்ட சோறு எங்கயிருந்து வந்தது?" என்று கேட்டாள் சின்னத்தங்கம். அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே இரக்கமாகி விட்டது. ஹன்சாட்டை ஒழுங்காக அனுப்புகிறவர் அல்லவா. எம்.பி. பக்கம் திரும்பினாள். "அவரில பிழையில்ல ஐயா. நீங்க இன்னும் அரை இஞ்சி எழுதியிருந்தா நெல்லு எண்டு ஒரு சொல்லு வந்திரிக்கும். நெல்லை ஆரும் சுடப் போறதில்ல."

அழகரத்தினத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெட்கம் வந்தால் வேலை செய்கிற மனிதர். அன்று தொலைபேசியை அவர் கீழே வைக்கவில்லை. கொழும்புக்குப் பேசினார், கச்சேரிக்குப் பேசினார், முகாமுக்கு நேரில் போனார். புதிய கடிதம் எழுதும்போது சின்னத்தங்கம் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாள். வயல், நெல், அறுவடை, அரிவாள் என்று ஒன்றுக்கு நாலு சொல் போடாமல் அவள் எழும்பவில்லை.

நாலாம் நாள் அனுமதி வந்தது. பத்து நாளைக்கு, காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை, எண்பது குடும்பத்துக்கும். செய்தி கேட்டு வவுணதீவே மூச்சு விட்டது. ஒழுங்கையில் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்தார்கள். சீனித்தம்பி அரிவாளைச் சாணை பிடிக்கத் தொடங்கினான். போர் ஒன்றும் முடிந்துவிடவில்லை, தூரத்தில் ஷெல் சத்தம் அன்றைக்கும் கேட்டது. ஆனாலும் இந்த வருசம் சோறு உண்டு. அது போதும் என்று இருந்தது எல்லோருக்கும்.

வெட்டுத் தொடங்கிய முதல் நாள் எம்.பி. வந்தார். வெள்ளை வேட்டி, சால்வை, பின்னால் செயலாளர் நோட்டுப் புத்தகத்தோடு. வரம்பில் ஏறி நின்று விளைந்த வட்டையை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தொண்டையைச் செருமினார். "அன்பான பெரியோர்களே, தாய்மார்களே..."

குனிந்து வெட்டிக்கொண்டிருந்த சின்னத்தங்கம் நிமிர்ந்தாள். கையிலிருந்த அரிவாளைத் திருப்பி, பிடிப்பக்கத்தை அவரிடம் நீட்டினாள்.