வட்டமாக ஒரு முத்திரை

அஜ்மானில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் விசா வேலைகளை முப்பது வருடம் பார்த்தவன் நான். எந்தக் கவுன்டரில் எத்தனை நகல் கேட்பார்கள், எந்த அதிகாரிக்கு நீல மை பிடிக்கும், எல்லாம் அத்துப்படி. ஓய்வு பெற்ற பின்னும் அஜ்மானிலேயே இருக்கிறேன். ஆனால் இந்த அறிவை யாரும் தேடி வரவில்லை. நார்வே அழைப்பு வரும்வரை.

என் மகள் ஒரு நார்வேக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அந்த நாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறாள். சம்பந்திக்குக் கடலோரத்தில் ஒரு மரவீடு உண்டு. ஹித்தே என்பார்கள். கோடை முழுக்க ஊரே இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கிளம்பிவிடும். கழிப்பறை வெளியே இருப்பதை ஒரு பெருமையாகச் சொல்வார்கள். ஜூன் இருபத்துமூன்றாம் தேதி கரையில் விறகை அடுக்கிச் சொக்கப்பனை போலக் கொளுத்தி, சுற்றி உட்கார்ந்து ஸ்ட்ராபெரி தின்பார்கள். இரவு பத்து மணிக்கும் வெயில் இருக்குமாம்.

"இந்த வருடம் நீங்கள் இருவரும் வர வேண்டும்" என்று சம்பந்தி சொன்னார். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாரம் மூன்று நாள் ஆன்லைனில் நார்வே மொழி வகுப்பு. 'நான் குளிர்ந்த கடலில் குளிப்பேன்' என்பதை ஏசி அறையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு நூறு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"ஏங்க, காலேஜ்ல இப்படிப் படிச்சிருந்தா இந்நேரம் கலெக்டர் ஆயிருப்பீங்க" என்றாள் மனைவி.

வீடியோ அழைப்பில் சம்பந்தியிடம் அழைப்புக் கடிதம் கேட்டேன். ஸ்கேன் செய்து அனுப்புகிறேன் என்றார். கூடாது, அசல் வேண்டும், அதில் முத்திரை வேண்டும் என்றேன். வளைகுடாவில் முத்திரை இல்லாத கடிதம் வெறும் கடிதம்தானே.

"எந்த முத்திரை?" அவர் முகம் நிஜமாகவே குழம்பியது. அங்கே சாலையோரத்தில் ஆளில்லாமல் ஸ்ட்ராபெரி விற்பார்கள். எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊர்க்காரர்.

"எதுவானாலும் சரி. வட்டமாக இருந்தால் போதும்" என்று அவர் மொழியிலேயே பிழையில்லாமல் சொன்னேன். பிழையே இல்லாமல் சொன்னதுதான் வினை.

விசா மையத்தில் நேரம் குறித்திருந்த நாள் காலையில்தான் அந்த உறை வந்தது. துபாய் போகும் வழியில் டாக்ஸியில் பிரித்தேன். கடிதம் அழகாக இருந்தது. கையெழுத்துக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு மீன். மீனுக்கு ஒரு கண் பெரிது, வால் கொஞ்சம் சிதைந்திருந்தது.

போன் செய்து மகளை எழுப்பினேன். அங்கே காலை ஆறு மணி.

"அப்பா, இங்க யாரு வீட்லயும் சீல் கிடையாது. நீங்க சீல் இல்லாட்டி விசாவே வராதுன்னு சொன்னதும் மாமா பயந்துட்டாரு. அதான் பாப்பா உருளைக்கிழங்கை வெட்டிப் பண்ணிக் கொடுத்தா. ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருக்காங்க."

என் பேத்திக்கு ஏழு வயது. வெளிநாட்டு விசா மனுவில் போலி முத்திரை என்று எழுதி யாராவது கோப்பை மூடினால், முப்பது வருட அனுபவமும் அதைத் திறக்காது. இந்த நேரத்தை விட்டால் அடுத்தது ஜூன் கடைசியில். சொக்கப்பனை எரிந்து முடிந்திருக்கும்.

"வேற வழி இல்லையா?" என்றாள் மனைவி.

"மறைச்சா தப்பு. கொடுப்போம்" என்றேன். ஆதாரம் என்று நான் சேர்த்திருந்த ஐந்து கோப்புகள் மடியில் கனத்தன.

கவுன்டரில் நம் ஊர்ப் பெண். கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அங்கிள், இது என்ன மீனு?"

"சீல். என் பேத்தி உருளைக்கிழங்குல செஞ்சது. அழைச்சவர் கையெழுத்து பக்கத்துலயே இருக்கும்மா, அது அசல்தான்."

"சீல் யாரு கேட்டா?"

"இல்லாம எப்படி..."

"லிஸ்ட்ல எங்க இருக்கு, காட்டுங்க." தாளை என் பக்கம் திருப்பினாள். கடிதம், கையெழுத்து, அவருடைய அடையாள நகல். அவ்வளவுதான். நான் நான்கு முறை படித்த பட்டியல். சீல் என்ற சொல்லை நானாகவே அதில் படித்திருக்கிறேன்.

"முடிவு எம்பசி கையில அங்கிள். நான் வாங்கிக்கிறேன்." நகலில் தன் முத்திரையைக் குத்தினாள். மீனை விட அது சுமார்தான். என் மற்ற நான்கு கோப்புகளைத் திறக்கவே இல்லை.

பதினெட்டு நாள் கழித்து கூரியர்காரர் அழைத்தார். "பாய், லொகேஷன்?" மாடிப்படியில் ஓடி இறங்கினேன். இரண்டு பாஸ்போர்ட்டிலும் விசா இருந்தது. இருபத்துமூன்றாம் தேதிக்கு முன்பே போய்ச் சேரலாம்.

உடனே சம்பந்தியைக் கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, விறகு சுமக்க எல்லோரும் வர வேண்டும், சம்பளம் கிடையாது, மனுவும் கிடையாது என்றார். எனக்குச் சந்தோஷத்தில் நார்வே வினைச்சொல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சரி, சரி என்று மட்டும் சொன்னேன்.

திரையில் பேத்தி முகம் நுழைந்தது. வேண்டுமென்றால் அந்த உருளைக்கிழங்கு ஃப்ரிட்ஜில் இருக்கிறதாம்.

"இருக்கட்டும்" என்றேன். "தூக்கிப் போட்டுடாதே. திரும்பி வரும்போது நார்வே மொழி வகுப்புல கொடுக்க தாத்தாவுக்கு ஒரு லீவ் லெட்டர் வேணும், சீல் வெச்சு."