என் குளியலறைக்கு என்னைத் தவிர எல்லோரும் பிளான் போட்டார்கள்

சென்ற ஆண்டு தை மாதக் கடைசி. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு ஹாலில், ஜன்னலோரக் கட்டிலில், இடது காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் பாடம் நடத்துகிறவன் நான். அதற்குச் சில வாரம் முன்னால் வேலை முடிந்து வண்டியில் இறங்கி வரும்போது, ஒரு வளைவில் கேழ்வரகுக் கதிரை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகளே ஏறி மிதித்துக் கதிரடித்துக் கொடுத்துவிடும் என்பது அங்கே ஏற்பாடு. பஸ்ஸும் லாரியும் ஒழுங்காக மிதித்துவிட்டுப் போயின. நான் மட்டும் விழுந்து புரண்டு அடித்துக் கொடுத்தேன். முழங்காலில் தகடு வைத்த டாக்டர், கால் இனி முழுசாக மடங்காது, தரையில் குந்துகிற வேலையே ஆகாது என்று சொல்லி அனுப்பினார்.

கதிர் பரப்பியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஓடிவந்து தூக்கி, தண்ணீர் கொடுத்து, எங்கே வலிக்கிறது என்று என்னிடமே கேட்டார்கள். என் கோபமெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான்.

எங்கள் படுக்கையறையை ஒட்டி ஒரு குளியலறை உண்டு. அதில் இருப்பது குந்தி உட்காருகிற பழைய பீங்கான். அதனால் எனக்கு ஹால் மூலையில் ஒரு திரை, ஓட்டை போட்ட ஒரு நாற்காலி, கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள என் மனைவி. தலை நரைத்த ஒரு மனுஷன் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காரவும் தனியாக எழுந்து வரவும் முடிந்தால் போதும். அதற்காகத்தான், குளியலறையை இடித்து வெஸ்டர்ன் வைத்துக் கட்டிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். திறந்ததோடு சரி. அதன்பிறகு யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலில் மனைவி. "எங்க அக்கா வூட்ல போட்டுக்கீறாங்களே, மூஞ்சி பாத்துக்கலாம், அந்த டைல்ஸ்தான்" என்று போனில் யாரிடமோ உறுதி செய்துகொண்டிருந்தாள். தரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்க்கிற பாக்கியம் எனக்கு மலையிலேயே கிடைத்துவிட்டது. இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையத்திலிருந்து என் அண்ணன் வந்தார். தனியாக வரவில்லை. வண்டியின் பின்னால் சங்கராபுரத்து வாஸ்துக்காரர் ஒருவரை உட்காரவைத்துக் கூட்டிவந்தார். மேஸ்திரியும் வந்து சேர்ந்தார். நான்கு பேர் உள்ளே போய் நின்றதும் பழைய குளியலறை நிரம்பிவிட்டது. விவாதிக்க இடமில்லை. மேஸ்திரி என் மனைவியிடம் கோலமாவு வாங்கி, வரப்போகிற குளியலறையை முழு அளவில் ஹால் தரையிலேயே, என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வரைந்தார். பீங்கான் வருகிற இடத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லோரும் கோட்டுக்குள் போய் நின்றுகொண்டார்கள்.

"இது தென்மேற்கு, கன்னி மூலைங்க. தாழவே கூடாது" என்றார் வாஸ்துக்காரர், மொபைலில் திசை பார்த்தபடி. "ஹால விட ஒன்றரை அடி ஏத்திடுங்க. வாசல்ல ரெண்டு படி. உக்கார்றது வடக்க பாத்துதான்."

"ஏத்துனா நமக்கும் நல்லதுங்க" என்றார் மேஸ்திரி. "பைப்புக்கு வாட்டம் நல்லா கெடைக்கும். தண்ணி நிக்காது."

உயரம் தெரியட்டும் என்று வாசல் கோட்டருகே செங்கல்லை அடுக்கி இரண்டு படியும் காட்டினார். முழங்கால் மடங்காதவனுக்குக் கட்டுகிற கக்கூஸுக்கு மேடையும் படியும். மைக் ஒன்றுதான் பாக்கி.

"படி எதுக்குண்ணே?" என்றேன்.

"நீ ஒடம்ப அலட்டிக்காதடா. நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அண்ணன். பிறகு மற்றவர்களிடம், "அவன் படுத்துக்கினு கெடக்குறான், அவனுக்கு இன்னா தெரியும். அவனுக்கு எது நல்லதோ அத நாமதான் பாத்து செய்யணும்" என்றார்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்திருப்பவனைப் பற்றி, ஏதோ வெளிநாடு போனவனைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அவனுக்கு இது, அவனுக்கு அது. அக்கறைதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த அக்கறைதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடைந்தது கால்தான், வாய் இல்லை என்று வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். வலியில் கத்துகிறேன் என்று நினைத்து மனைவி மாத்திரை எடுக்க ஓடினாள்.

இதற்குமேல் பேசிப் பயனில்லை. வாக்கரை இழுத்துப் பிடித்து எழுந்து, நேராக அந்தச் செங்கல் படிக்கு முன்னால் போய் நின்றேன். காலைத் தூக்கிப் பார்த்தேன். வரவில்லை.

"அண்ணே, ஏத்தி வுடுங்க."

அண்ணன் அக்குளில் கை கொடுத்து என்னை மூட்டை மாதிரி முதல் படிமேல் ஏற்றினார். செங்கல் ஆடியது. மனைவி மாத்திரையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இப்ப கைய வுடுங்க."

"வுட்டா வுழுந்துடுவடா!"

"அப்ப தெனமும் காலையில நைனார்பாளையத்துலருந்து வந்து புடிச்சிக்குவீங்களா? மொத பஸ்ஸு எத்தன மணிக்குண்ணே?"

அண்ணன் கையை விடவில்லை. மெதுவாக இறக்கினார். நான் படியைச் சுற்றிக்கொண்டு கோட்டுக்குள் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் வடக்குப் பார்த்து, விறைத்த காலை நீட்டி உட்கார்ந்தேன். நடுஹாலில், நான்கு பேருக்கு முன்னால். மானம் போகிற நிலையெல்லாம் ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது.

"நீங்க கொஞ்சம் வாசல்ல வந்து நில்லுங்க" என்று வாஸ்துக்காரரைக் கூப்பிட்டேன். "நீங்கதான் கதவு. பிளான்ல கதவு உள்ள தொறக்குது. தொறங்க பாக்கலாம்."

மனுஷர் தயங்கினார். அண்ணனைப் பார்த்தார். பிறகு ஒரு கையை நீட்டி, நிஜமாகவே கதவு மாதிரி உள்பக்கமாகத் திரும்பினார். கால் பங்கு திரும்புவதற்குள் அவர் முட்டி என் தகடு வைத்த காலில் இடித்தது. நான் போட்ட சத்தத்தில் கதவு துள்ளி வெளியே ஓடிவிட்டது.

முதலில் சிரித்தது என் மனைவிதான். சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். கோட்டுக்குள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இன்னாதாங்க வேணும்? சொல்லுங்க."

நாள்கணக்கில் அடக்கி வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். படி கூடாது. கதவு வெளியே திறக்க வேண்டும். தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும். ஊன்றி எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி. அவ்வளவுதான்.

"கன்னி மூலையில கொற வச்சா வூட்டு ஆம்பளைக்கு ஆவாதுடா" என்றார் அண்ணன், கடைசி ஆயுதமாக.

"ஆவாதது ஆயிட்டுத்தாண்ணே இங்க உக்காந்துக்கினு இருக்கேன்."

அண்ணன் காபி கூடக் குடிக்காமல் கிளம்பினார். ஒரே வண்டியில் வந்ததால் வாஸ்துவும் கூடவே போயிற்று. மேஸ்திரி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். தரையை உடைத்து பைப்பைக் கீழே இறக்கிவிட்டால் படியே இல்லாமல் வாட்டம் வந்துவிடும் என்றார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"யாரும் கேக்கலீங்களே சார்."

அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுதினால் அச்சில் வராது. ஆனால் வேலையைச் சரியாக முடித்தார். முதல் நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "இன்னாங்க, ஆச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "ஆவல, போ" என்றேன். அத்தனை அதிகாரத்தோடு அந்த வீட்டில் நான் பேசி ரொம்ப காலம் ஆகியிருந்தது.

ஆடி மாதம் கோபம் தணிந்து அண்ணன் வந்தார். அவருக்கும் முட்டி வலி தொடங்கியிருந்தது. நேராகக் குளியலறைக்குத்தான் போனார். நிதானமாக வெளியே வந்தார்.

"கம்பிய கொஞ்சம் ஒசரமா வச்சிட்டியேடா. யார கேட்டு வச்ச?"

"என்னைத்தாண்ணே கேட்டுக்கினேன்" என்றேன். அவர் முறைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.

கால் இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலோ உறவுக்காரர் வீட்டிலோ, படுத்திருக்கிற ஒருவரின் தலைக்கு மேலே நான்கு பேர் நின்று "அவருக்கு எது நல்லதுன்னா" என்று தொடங்கும்போது எனக்கு இன்றும் சுள்ளென்று கோபம் வருகிறது. அந்தக் கோபம் மட்டும் எனக்கு ஒருபோதும் குணமாகிவிடக் கூடாது என்று நினைத்துக்கொள்கிறேன்.